காது இல்லாத குழி

பனிக்கொம்பையில் வருசத்துக்கு இருநூறு நாள் மூட்டம் இறங்கும், மிச்ச நாளில் எப்போது இறங்குமோ என்று ஊரே மேலே பார்த்துக்கொண்டிருக்கும், ஆகவே என் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடிக்கிற ஆள் எவனும் அந்த மலையில் நெடுநாள் தங்கியதில்லை. பால்காரர் மூட்டத்துக்குள்ளிருந்து "ரெண்டு லிட்டர்" என்று சொன்னால் அது ரெண்டு லிட்டர்தான். பஸ் டிரைவர் "பாலம் இருக்கு, ஏறுங்க" என்றால் பாலம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், கேரட் தோட்டங்களுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவில், வெள்ளைக்காரன் பதினெட்டுக் குழி வெட்டி ஒரு கோல்ஃப் மைதானம் போட்டுவிட்டுப் போனான். போனவன் பந்தைக் கண்டுபிடிக்கிற வேலையை மட்டும் ஊர்க்காரர்களிடம் விட்டுவிட்டுப் போனான்.

அந்த வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. அடிக்கிறவர் இங்கே நிற்பார், பந்து முந்நூறு கஜம் தள்ளி மூட்டத்துக்குள் எங்கேயோ போய் விழும். பை தூக்குகிற கேடிகளில் ஒருத்தன் முன்கூட்டியே மூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு, விழுகிற சத்தத்தைக் காதால் பிடித்து, புல்லை விலக்கிப் பந்தைப் பார்த்து, "கண்டேன்" என்று ஒரே ஒரு குரல் கொடுப்பான். அவ்வளவுதான். அதற்குப்பிறகு பந்துக்காரர் வந்து சேரும்வரை அவன் அந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகரக் கூடாது, வந்து சேர்ந்தவரும் "இது இங்கேதான் விழுந்ததா" என்று கேட்கக் கூடாது. கண்டேன் என்றவனை இரண்டாவது தரம் கேட்பது அவன் முகத்தில் துப்புகிற மாதிரி. எண்பது வருசத்தில் ஒருத்தன் பந்தைக் காலால் தள்ளிவிட்டுக் கண்டேன் என்றானாம், யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, அடுத்த நாள் அவனை யாரும் முன்னால் போகச் சொல்லவில்லை, அந்த வாரமே அவன் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு கீழ்நாட்டுக்கு இறங்கிவிட்டான்.

இருதயராஜ் அந்தக் கேடிக் கொட்டகையில் வளர்ந்தவன். பன்னிரண்டு வருசம் பை தூக்கி, துரைமார் ஒடித்துப்போட்ட மட்டைகளை ஒட்டவைத்து அடித்துப் பழகி, நாற்பத்தொரு வயதில், பெரிய பெரிய ஊர்களிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து ஆடுகிற போட்டியில், சொந்த ஊர் மைதானத்தில், கடைசி நாள் கடைசிக் குழியில் முதல் ஆளாக நின்றான். டி.வி.யில் நேரடியாகக் காட்டினார்கள். அவனுடைய பையைத் தூக்கியவன் அவன் சிநேகிதன் மூக்கையா. அவன் மனைவி பிலோமினா கயிற்றுக்கு வெளியே ஜனங்களோடு நின்று, பார்க்கவும் மாட்டாமல் பார்க்காமலிருக்கவும் மாட்டாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பந்துக்கும் குழிக்கும் நடுவில் நாலடி தூரம். தட்டினால் கோப்பை அவனுக்கு, குறைந்த அடியில் முடிக்கிறவனே ஜெயிக்கிற ஆட்டத்தில் அடுத்தவனைவிட ஒரே ஓர் அடி குறைவு.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில் சாயங்கால ஈரம் கோத்திருந்தது. இருதயராஜ் குனிந்து, பந்துக்கு முன்னால் இருந்த ஈரத்தைப் புறங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு நிமிர்ந்தான். பனிக்கொம்பைக் கேடி எவனும் அப்படித்தான் செய்வான். துரை தட்டுகிறதுக்கு முன்னால் ஈரம் துடைத்துக்கொடுப்பது மரியாதை, வீட்டுக்கு வந்தவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுகிறோமே அந்த மாதிரி. அப்பன் துடைத்தான், அப்பனுக்கு அப்பன் துடைத்தான், ஆட்டத்தின் சட்டப் புத்தகத்தில் பனி ஈரத்தைத் துடைக்கக் கூடாது, துடைத்தால் இரண்டு அடி தண்டனை என்று எழுதியிருப்பதை அந்தக் கொட்டகையில் யாரும் படித்ததில்லை. இருதயராஜ் தட்டினான். பந்து உருண்டு குழிக்குள் விழுந்தது. ஜனம் கத்தியது. அவன் பந்தை எடுக்கக் குனிந்தான்.

"ஏங்க, இங்க வாங்களேன், அந்த ஆளு கையால தொடச்சாருங்க" என்றது குழி.

பொம்பளைக் குரல். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிற குரல், பின்னால் குக்கர் விசிலடித்தது. அடுத்து ஓர் ஆம்பளைக் குரல் "எங்க, மறுபடி போடுவான், பொறு" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, டி.வி.யில் அதை மெதுவாக ஓட்டிக் காட்டியிருப்பார்கள் போல, குழிக்குள்ளிருந்து ஆயிரம் குரல் ஒன்றாகக் கிளம்பியது, தொடச்சான், தொடச்சான், நல்லாத் தெரியுது, ரெண்டு விரலு, இல்ல மூணு, என்னா தைரியம் பாத்தியா, என்று எந்தெந்த ஊர்க் கூடத்திலோ உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு பேசுகிற பேச்செல்லாம், மிக்ஸி சத்தமும் பிள்ளை அழுகிற சத்தமுமாக, நாலேகால் அங்குல அகலக் குழி வழியாக மேலே வந்தது. மூக்கையா மண்டியிட்டு, குழியில் காதை வைத்துக் கேட்டான்.

"சேலம் பக்கம்னு நெனைக்கிறேன், பேச்சு அப்படித்தான் இருக்கு" என்றான்.

ரெஃப்ரி பத்மலோசனி நடந்து வந்தார். முப்பது வருசம் சட்டப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருக்கிற அம்மா, அவர் இதைவிட மோசமான குழிகளைப் பார்த்தவர் மாதிரி குழியை ஒரு தரம் பார்த்தார். அவன் துடைத்தபோது பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார். "நான் எதையும் பாக்கல. கூட ஆடின தம்பியும் பாக்கல. மைதானத்துல நிக்கிற நாங்க பாக்காததை, எங்கேயோ சோபாவுல உக்காந்திருக்கறவங்க சொல்லி நான் தண்டிக்கணுமா?" என்று யாரிடமோ கேட்டார். கோயமுத்தூரிலிருந்து வந்த நிகிலேஷ், இரண்டாவது இடத்திலிருந்த பையன், "நானும் பாக்கலீங்க மேடம், நெசமாவே பாக்கலீங்க" என்றான். குழியோ நிறுத்தவில்லை. பார்த்தவர்களுக்குத்தானே தெரியும் என்றது, ரெஃப்ரிக்குக் கண் இல்லையா என்றது, அவங்கவங்க ஆளுன்னா விட்டுருவாங்க என்றது.

பத்மலோசனி இருதயராஜிடம் வந்தார். "நீங்களே சொல்லுங்க. தொடச்சீங்களா?"

"தொடச்சேன் மேடம்" என்றான் அவன். "எப்பவும் தொடைப்போம். அது தப்புங்களா?"

அந்தம்மா முகம் கறுத்துப்போனது. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்ப மூடி, திரும்பக் கழற்றி, அவன் கணக்கு அட்டையில் இரண்டு அடியைச் சேர்த்து எழுதினார். ஓர் அடியில் ஜெயித்தவன் ஓர் அடியில் தோற்றான். நிகிலேஷ் கோப்பையை வாங்கும்போது தலையை நிமிர்த்தவில்லை. மூக்கையா இருதயராஜின் காதோரம் வந்து, "அந்தத் தம்பிக்குப் பை தூக்குன நம்ம கொட்டகைப் பய அய்யாவுந்தான் பதினாலாவது குழியில தொடச்சான். கேமராப் பெட்டி அந்தப் பக்கம் திரும்பல, உன்னையே பாத்துட்டு இருந்துச்சு. நான் கண்டேன். சொல்லட்டா?" என்றான்.

"சொல்லாத. அப்புறம் கொட்டகையில ஒருத்தனும் மிஞ்ச மாட்டான்" என்றான் இருதயராஜ்.

கோப்பை போனதுகூட அவனுக்குப் பெரிசில்லை. கோப்பையை வைக்க அந்த வீட்டில் இடமும் இல்லை. அவனை அறுத்தது வேறொன்று. கேட்டதும் ஒப்புக்கொண்டானே, யாரும் பார்க்காததை அவன் வாயால் ஆமாம் என்றானே, அது குழிக்குள் போய்ச் சேரவில்லை. குழிக்கு வாய் இருந்தது, காது இல்லை. டி.வி.யில் அவன் உதடு அசைந்தது மட்டும் தெரிந்திருக்கிறது, அது என்னவென்று அவர்களே முடிவு பண்ணிக்கொண்டார்கள். "பாரு, இல்லன்னு சாதிக்கிறான்" என்றது குழி. "திருட்டு முழி" என்றது.

போட்டி முடிந்தது, பந்தல் பிரித்தார்கள், லாரிகள் இறங்கிப் போயின, குழிப்பக்கத்துக் கேமரா ஒன்று கழற்றாமலே நின்றது, குழியும் பேசிக்கொண்டே இருந்தது. மூக்கையா ஒரு சாக்கைச் சுருட்டி அடைத்துப் பார்த்தான், அந்தப் பேச்சு பதினேழாவது குழியில் வந்தது, அதையும் அடைத்தால் பதினாறில் வரும் என்று தெரிந்ததால் சாக்கை எடுத்துவிட்டான். பங்குச்சாமியார் வந்து ஜெபம் சொன்னார், குழி அவர் அங்கி கசங்கியிருக்கிறது என்றது. மாரியம்மன் கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் வைத்தார், அதையும் யாரோ வீட்டில் விலை விசாரித்தார்கள். பிறகு ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை அந்த ஊர். க்ளப் கமிட்டி கூடி, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை குழி சொல்வதை எழுதிக்கொள்ள நாற்காலியும் குடையும் போட்டு ஓர் எழுத்தரை நியமித்தது. ஓரமாக டீக்கடை வந்தது. டி.வி. கம்பெனி, ஜனங்கள் இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார்களே என்று, மைதானத்திலும் ரேஷன் கடையிலும் சர்ச் வாசலிலும் மார்க்கெட்டிலும் பஸ் நிற்கிற இடத்திலும் கம்பம் நட்டுக் கேமரா வைத்தது, அதில் தெரிகிறதையெல்லாம் எங்கெங்கோ வீடுகளில் பார்த்தார்கள், பார்த்ததையெல்லாம் குழி சொல்லியது.

நல்லதும் நடந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. கேரட் எடை போடுகிறவன் தராசில் கட்டைவிரலை வைத்தது வெளியே வந்தது. தொலைந்த சங்கிலி சாக்கடையில் கிடக்கிற இடத்தைக் குழி சொன்னது. சனங்கள் வழக்குகளைத் தூக்கிக்கொண்டு குழிக்கு வந்தார்கள், போலீஸ் ஸ்டேசனில் ஈ ஓட்டினார்கள். ஆனால் சர்ச் வாசலில் சவப்பெட்டி நிற்கும்போது ஒருத்தி சிரித்தாள் என்று குழி சொன்னபோது, செத்தவர் முன்னொரு நாள் சொன்ன வேடிக்கையை நினைத்துச் சிரித்தேன் என்று அவள் குழியின் விளிம்பில் விழுந்து அழுது சொன்னாள், குழியோ அடுத்த வீட்டுக் கோலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் பனிக்கொம்பையில் ஆட்கள் நடக்கிற நடையே மாறிவிட்டது. கடையில் சில்லறை வாங்கினால் கம்பத்தைப் பார்த்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார்கள். பிள்ளைகளைக் கொஞ்சினால்கூட முகம் தெரிகிற மாதிரி திரும்பி நின்று கொஞ்சினார்கள். மூட்டத்துக்குள்ளிருந்து யாராவது "ரெண்டு லிட்டர்" என்றால், "வெளிச்சத்துல வந்து ஊத்துங்க" என்றார்கள்.

இருதயராஜுக்குக் குழி ஒரு பெயர் வைத்திருந்தது, தொடச்ச ஆளு. தொடச்ச ஆளு பஸ் ஏறுறான். தொடச்ச ஆளு மீன் வாங்குறான், செவுளைத் தூக்கிப் பாக்குறான் பாரு, எல்லாரும் தன்னை மாதிரின்னு நெனப்பு. முதலில் குழி மட்டும் சொன்னது, அப்புறம் மார்க்கெட்டில் சொன்னார்கள், அப்புறம் ரேஷன் கடைக்காரர் கார்டைப் பார்த்துக் கூப்பிடும்போது வாய் தவறி அதைச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். இருதயராஜ் சீனியை வாங்கிக்கொண்டு வந்தான்.

விடிந்ததும் அவன் நேரே பதினெட்டாவது குழிக்குப் போவான். எழுத்தர் வருவதற்கு முன்னால், ஈரப் புல்லில் குப்புறப் படுத்து, வாயைக் குழிக்குள் வைத்து, பொறுமையாக, மரியாதையாக, தாலுகாக் கச்சேரியில் அதிகாரியிடம் மனு சொல்கிறவனைப் போலச் சொல்வான். "அம்மா, மொதல்ல பாத்தீங்களே, குக்கர் வச்சிருந்தீங்களே, அந்த அம்மா இருக்கீங்களா? தொடச்சது நெசந்தாம்மா. இல்லன்னு நான் சொல்லவே இல்ல. அந்த மேடம் கேட்டாங்க, ஆமான்னு சொன்னேன். அத மட்டும் நீங்க மத்தவங்களுக்குச் சொல்லிருங்க." உள்ளே காப்பி ஆற்றுகிற சத்தம் கேட்கும். பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்கும். ஒரு நாள், நாலு மாசம் கழித்து, பதில் மாதிரி ஒன்று வந்தது. "ஏங்க, இங்க பாருங்க, அந்தத் தொடச்ச ஆளு குப்புறப் படுத்து எதையோ மறைக்கிறான்" என்றது அதே பொம்பளைக் குரல். அது கெட்ட குரல் இல்லை, அதுதான் அவனுக்குத் தாளவில்லை. பக்கத்து வீட்டில் இருந்தால் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்துவிடுகிற மாதிரிக் குரல்.

வீட்டில் பிலோமினா ஈரச் சட்டையைப் பிழிந்து காயப்போட்டாள். "தொடச்சீங்கல்ல?" என்றாள் ஒரு நாள்.

"தொடச்சேன்."

"அப்ப அவுங்க சொன்னது பொய்யில்லயே."

"பொய்யில்ல. ஆனா நான் திருடனுமில்ல புள்ள. ரெண்டும் நெசம். ரெண்டாவத யாருகிட்டச் சொல்றது?"

பிலோமினா கொடியில் கிடந்த சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "எனக்குத் தெரியுங்க" என்றாள். அது போதும் என்று அவன் தலையாட்டினான், ஆனால் போதவில்லை, இரண்டு பேருக்கும் அது தெரிந்தது.

அவன் மட்டையைத் தொடவில்லை. திரும்பக் கொட்டகைக்கே போனான், மூட்ட நாளில் முன்னால் போய் நிற்கிற வேலைக்கு. காது அவனுக்கு இன்னும் கூர்மையாகத்தான் இருந்தது. கண்டேன் என்பான், பந்துக்காரர்கள் வருவார்கள், ஆனால் வருகிற வழியில் ஒரு தரம் நின்று பக்கத்துக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். இரண்டாவது தரம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு.

அடுத்த வருசப் போட்டி வந்தது. கடைசி நாள் மத்தியானம் மூட்டம் இறங்கியது, அந்த வருசத்திலேயே கெட்டியான மூட்டம், நீட்டின கை நீட்டினவனுக்கே தெரியாது. முதல் இடத்தில் போய்க்கொண்டிருந்தவன் நிகிலேஷ். பதினெட்டாவது குழிக்கு அவன் அடித்த பந்து இடது பக்கம் வளைந்து, தைலமரத் தோப்புக்குள் எங்கேயோ தொப்பென்று விழுந்தது. அந்தச் சத்தத்தை மலையில் ஒரே ஒரு காதுதான் பிடித்தது. இருதயராஜ் பதினோரு எட்டு வைத்தான், உதிர்ந்த இலையை விலக்கினான். வெள்ளைப் பந்து, அதில் நிகிலேஷ் போட்டுவைத்த பச்சைப் புள்ளி, அடிக்கத் தோதான இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவனுக்குச் சந்தோசமாக இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் நெஞ்சு நிறையச் சந்தோசமாக இருந்தது. போன வருசம் நான் பார்க்கவில்லை என்று சாட்சி சொன்ன பையனுக்கு, இந்த வருசம் நான் பார்த்தேன் என்று சொல்லக் கிடைத்ததே என்று நினைத்தான்.

"கண்டேன்" என்று குரல் கொடுத்தான்.

மூட்டத்துக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் நாலைந்து எட்டு வந்து நின்றது. தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிசம்தான் சட்டம். "யாரது, இருதயராஜ் அண்ணனுங்களா?" என்றது நிகிலேஷின் குரல்.

"நாந்தான் தம்பி. பச்சைப் புள்ளி. வாங்க."

அவன் வரவில்லை. அங்கே பேச்சு நடந்தது, இருதயராஜுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது, காதுதான் அவன் தொழில். மேடம், நான் போய் அடிச்சுட்டேன்னு வையுங்க, நாளைக்கு அந்த ஆளு பந்தத் தள்ளி வச்சான்னு சொன்னா நானும் கெட்டேனுங்க. குழி என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கலாங்க. பத்மலோசனியின் செருப்புச் சத்தம் குழிப்பக்கம் போனது. எழுத்தர் குடைக்கடியில் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். கயிற்றுக்கு வெளியே ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எல்லோரும் குழியைப் பார்த்து நின்றார்கள், அதாவது குழி இருக்கிற திசையைப் பார்த்து நின்றார்கள்.

குழி பேசவில்லை. ஒரு வருசத்தில் முதல் தரமாகப் பேசவில்லை. எல்லாக் கம்பத்துக் கேமராவிலும் வெறும் வெள்ளை. எந்த ஊர்க் கூடத்திலும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, தெரியாததால் அவர்களுக்குச் சொல்ல எதுவுமில்லை, எங்கேயோ ஒரு வீட்டில் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் குழி வழியாக வந்துகொண்டிருந்தது.

"கண்டேன்" என்றான் இருதயராஜ் மறுபடி. எண்பது வருசத்தில் அந்த மைதானத்தில் அதை யாரும் இரண்டு தரம் சொன்னதில்லை.

மூக்கையாவின் குரல் மட்டும் எழுந்தது. "மேடம், அவன் கண்டேன்னா கண்டேன்தான். மூணு நிமிசம் ஓடுது. போகச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியும்" என்றார் பத்மலோசனி. "எனக்கு அவரை நல்லாத் தெரியும் மூக்கையா. ஆனா அவர் காலடியில என்ன இருக்குன்னு நான் பாக்கலையே. பாக்காததை நான் எப்படி எழுதறது?"

போன வருசம் இதையே அந்தம்மா வேறு மாதிரி கேட்டார். இருதயராஜுக்கு அது ஞாபகம் வந்தது, கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிக் காட்டலாம், எடுத்தால் ஆட்டம் கெட்டது. அவர்கள் இருக்கிற பக்கம் போய்க் கையைப் பிடித்து இழுத்து வரலாம், நகர்ந்தால் வழக்கம் கெட்டது, நகர்ந்தவன் கண்டேன் என்றதற்கு என்ன மதிப்பு. நின்றான். மூன்று நிமிசம் அவன் காதில் ஓடியது. பத்மலோசனி, பந்து தொலைந்தது என்று சத்தமாகச் சொன்னார், எழுத்தர் எழுதிக்கொண்டார்.

நிகிலேஷ் திரும்பிப் போய், ஓர் அடி தண்டனையோடு வேறு பந்தை வைத்து அடித்தான், தோற்றான், யாரோ ஜெயித்தார்கள். அதற்குக் கால்மணி நேரம் கழித்து, எப்போதும் போல எந்தக் காரணமும் இல்லாமல், மூட்டம் தோப்புப் பக்கத்திலிருந்து விலகியது. முதலில் மர உச்சிகள் தெரிந்தன, அப்புறம் கம்பம், அப்புறம் இலைச் சருகு, கடைசியில் ஓர் ஆளும் அவன் காலடியில் ஒரு வெள்ளைப் பந்தும்.

"ஏங்க, இங்க வாங்களேன்" என்றது குழி. "பந்து அங்கனதான் கெடக்கு. பாவம், அந்த ஆளு பக்கத்துலயே நிக்கிறாருங்க. ஏன் ஒருத்தரும் போக மாட்டேங்கறாங்க?"

எழுத்தர் அதையும் எழுதினார். ஜனம் திரும்பித் தோப்பைப் பார்த்தது, ஆமாம் என்றது, அட ஆமாம் என்றது, பரிசு கொடுக்கிற பந்தலுக்கு நேரமாகிவிட்டதென்று நடந்தது. மூக்கையா கிட்ட வந்து, "வாடா, போவோம்" என்றான். பிலோமினாவும் வந்தாள். இருதயராஜ் அசையவில்லை. பந்துக்காரர் வந்து எடுக்கும்வரை கண்டவன் நகரக் கூடாது, பந்துக்காரர் வண்டியேறி மலை இறங்கிக்கொண்டிருந்தார். பிலோமினா தன் முந்தானையால் அவன் தலையில் கோத்திருந்த ஈரத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், கம்பத்தைப் பார்த்தாள், கையை இறக்கிக்கொண்டாள்.